குடி, குடக்கூலி, குடியிருப்பு: சென்னையில் வீடு தேடுதலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'குடி' என்பது தமிழில் விசித்திரமான சொல். வம்சமும் குடிதான். ராஜாவின் பிரஜையும் குடிதான். நிலத்தை உழுது மேல்வாரம் அளப்பவனும் குடிதான். அடுத்தவர் வீட்டில் கூலி கொடுத்து இருப்பவரும் குடிதான். அந்தக் குடிக்கூலிதான் சென்னைப் பேச்சில் குடக்கூலி ஆனது. உரிமையும் கீழ்ப்படிதலும் ஒரே சொல்லுக்குள் ஒண்டிக்கொண்டு இருக்கின்றன. அரசியல் சட்டம் பற்றிப் பேசும்போது 'குடிமகன்' என்கிறோம்; வீட்டுக்காரர் பேசும்போது 'குடித்தனக்காரன்' என்கிறார். ஆள் ஒருவர்தான். உடம்புக்குள் உயிர் இருக்கும் நிலையைச் சொல்ல வள்ளுவர் 'துச்சில்' என்ற சொல்லை எடுக்கிறார். ஒதுக்கிடம் என்கிறது உரை. எம்.ஏ. வகுப்பில் இதை நிலையாமைத் தத்துவமாகப் படித்தோம். அடுத்தவர் வீட்டு மூலையில் ஒண்டிக் கிடக்கும் அனுபவம் தெரிந்த சமூகத்தில்தான் அப்படி ஓர் உவமை பிறக்க முடியும் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதிகாரமே வேறுமாதிரி வாசிக்கக் கிடைத்திருக்கும்.

வாடகை ஏன் ஏறுகிறது என்பதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இங்கே நான் பேச விரும்புவது அதற்கு முந்தைய ஒரு கணத்தை. காசைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் நிற்கிறார். வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து அவரை ஏற இறங்கப் பார்க்கிறார். அந்தக் கணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

எங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். குடித்தனக்காரனுக்கும் வீட்டுக்காரனுக்கும் உள்ள உறவு, தொழிலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள உறவு போன்றதுதான் என்று புரூதோன்வாதிகள் சொல்லி வந்தார்கள். அவர்களோடு சண்டை போட்ட எங்கெல்ஸ், இது சாதாரணப் பண்டப் பரிமாற்றம், குறிப்பிட்ட காலத்துக்கு வீட்டின் பயன்பாட்டை ஒருவன் விலைக்கு வாங்குகிறான், அவ்வளவுதான் என்றார். மான்செஸ்டருக்கு அது போதும். மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் போதாது. பணத்தை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை எந்தப் பரிமாற்றக் கோட்பாட்டுக்குள் வைப்பது? மூணு மாசம் பூட்டிக் கிடந்தாலும் பரவாயில்லை, 'அவங்களுக்கு'க் கொடுக்க மாட்டேன் என்கிறவர் தெரிந்தே நஷ்டப்படுகிறார். தன் தெருவின் தன்மையைக் காப்பாற்றிக் கொடுக்கும் விலை என்று அந்த நஷ்டத்தை அவர் புரிந்துகொள்கிறார். நம் மார்க்சியர்கள் இதை மேற்கட்டுமானம் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். கட்டுமானமே இதுதான் என்பது என் கருத்து.

2

வீடுகளை இடித்து உண்டாக்கிய வெட்டவெளியின் மேல் எழுந்தது சென்னையின் நீதி. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், அதை ஒட்டி வடக்கே இருந்த பழைய கருப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள், பீரங்கிக்குப் பார்வை மறைக்கக் கூடாது என்று மிச்சத்தையும் படிப்படியாக இடித்து மைதானமாக்கினார்கள். அந்த மைதானத்தில்தான் 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் நின்றது. பல பதிற்றாண்டுகள் சென்னையின் வாடகை வழக்குகளை விசாரித்த சிறுவழக்கு நீதிமன்றமும் அந்த வளாகத்தில்தான். காலி செய்யச் சொல்லும் உத்தரவுகள், காலி செய்யப்பட்ட ஓர் ஊரின் மீது உட்கார்ந்து எழுதப்பட்டன.

ஊர் வடக்கே நகர்ந்தபோது சாதியும் கூடவே நகர்ந்தது. வலங்கை - இடங்கைத் தகராறு இந்நகரத்தில் வெறும் ஊர்வலத் தகராறாக மட்டும் இருக்கவில்லை. 1707இல், தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது, யார் எந்தத் தெருவில் போகலாம் என்ற சண்டை முற்றி, வலங்கைச் சாதியினர் நகரத்தை விட்டே வெளியேறிச் சாந்தோமுக்குப் போனார்கள். கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரிப்பதில் சமாதானம் வந்தது. நவீன நகர நிர்வாகத்தின் முதல் மண்டலத் திட்டம் என்று இதைச் சொல்லலாம். கும்பெனி சாதியைக் கண்டுபிடிக்கவில்லை. அதைத் தெருவின் எல்லையாக ஆவணத்தில் ஏற்றியது, அதற்குத் தானே ஜவாப்தாரி என்று ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டு கைகளின் பட்டியலில் வலங்கையின் பக்கம் நின்று சண்டை போட்ட பறையர்களுக்கு, சமாதானம் வந்தபோது தெருப் பங்கில் இடம் கிடைத்ததா என்றால், அவர்களுடைய இருப்பிடத்தைக் கும்பெனி ஆவணங்கள் 'பெரிய பறச்சேரி' என்று தனியாகத்தான் குறிக்கின்றன.

நகரத்துக்கு வெளியே செங்கல்பட்டு ஜில்லாவில் மனை என்பது இன்னும் நேரடியான ஆயுதம். 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் அந்த ஜில்லாவின் பறையர்கள் பற்றி எழுதிய குறிப்பைப் பஞ்சமி நிலத்தின் தொடக்கமாகவே நாம் வாசித்து வந்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் அதே குறிப்பில் வீட்டுமனை பற்றிய பகுதியும் முக்கியம். குடிசை நிற்கும் மண் மிராசுதாரர் கையில் இருக்கும்வரை, கூலி உயர்த்திக் கேட்டாலோ வேறு இடத்தில் வேலைக்குப் போனாலோ குடிசையைப் பிடுங்கிவிடுவேன் என்ற மிரட்டல் ஒன்றே போதும். இங்கே வாடகை என்று எதுவும் இல்லை, உழைப்பே வாடகை. அங்கிருந்து ஓடி நகரத்துக்கு வந்தவர்களின் பேரன்கள் நகரத்தில் முதன்முறையாகக் காசு கொடுத்துக் குடியிருக்க முயன்றார்கள். காசு கொடுத்து இருக்கலாம் என்பதே ஒரு விடுதலையாகத் தெரிந்த தலைமுறை அது. காசை வாங்க மாட்டார்கள் என்பது அடுத்த தலைமுறையின் கண்டுபிடிப்பு.

3

அம்பேத்கர் தன் வாழ்க்கையில் நடந்தவற்றைக் குறித்து வைத்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' 1990இல்தான் நூலாக வந்தது. அதில் பரோடா பகுதி வீடு தேடுதலின் மூலப்பிரதி. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, சமஸ்தானத்தின் உயர்ந்த வேலைக்குப் போகிறவர், தங்க இடமில்லாமல் பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் வைத்துக்கொண்டு ஒளிந்து தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியே தள்ளுகிறது. இந்தத் தடிக் காட்சியை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு வரும் இரண்டு சந்திப்புகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஒரு இந்து நண்பரைப் பார்க்கிறார்: நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்கிறார் அவர். ஒரு கிறிஸ்தவ நண்பரைப் பார்க்கிறார்: மனைவி ஊரிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்கிறார் அவர். இருவருமே மறுக்கவில்லை, பாருங்கள். மறுப்பை இன்னொருவர் வாயில் வைக்கிறார்கள். ஒருவருக்கு வேலைக்காரர், ஒருவருக்கு மனைவி.

நூறு வருஷத்துக்குப் பிறகு சென்னையில் வீடு தேடும் ஒருவருக்கு இது பாடம் பண்ணின வசனமாகக் கேட்கும். "எனக்கு ஒண்ணும் இல்ல சார், மாமியார் பழைய காலத்து மனுஷி." "நாங்க எதுவும் பாக்க மாட்டோம், கீழ் வீட்டுக்காரங்கதான் ஒரு மாதிரி." "வீட்டுக்காரர் ஃபாரின்ல இருக்கார், அவரக் கேக்கணும்." என் கவிஞர் நண்பர் ஒருவரோடு, அவர் இஸ்லாமியர், இரண்டு மாதம் தென்சென்னையில் வீடு தேடியிருக்கிறேன். புரோக்கர் நல்ல மனுஷன். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, என்னிடம் மட்டும் தணிந்த குரலில் கேட்டார்: "சார், நீங்க முன்னாடி பேசுங்க. அவர் பேரு கேட்டா மட்டும் சொல்லுங்க. கேக்கலன்னா நாமளா சொல்ல வேணாம்." நண்பர் சிரித்துவிட்டு, "அட்வான்ஸ் கொடுக்குறப்ப பேர் எழுதணுமே, அப்ப என்ன பண்றது?" என்றார். புரோக்கரிடம் அதற்குப் பதில் இல்லை. மூன்று வீடுகளில் பெயர் வரைக்கும் போனோம். மூன்றிலும் அதே நாள் சாயங்காலம் 'சொந்தக்காரங்களுக்கு வேணுமாம்' ஆகிவிட்டது.

மறுப்பின் இந்த இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். கேள்வி எப்போதும் செயப்படுபொருள் இல்லாமல் வருகிறது. "நீங்க சாப்பிடுவீங்களா?" என்றால் சோறு சாப்பிடுவீர்களா என்றா அர்த்தம்? "நீங்க எந்தப் பக்கம்?" என்றால் திசையா? "வீட்ல கவுச்சி புழங்குமா?" என்பது மட்டுமே கொஞ்சம் வெளிப்படையானது. அதிலும் முக்கியமான சொல் கவுச்சி என்று நான் நினைக்கவில்லை, 'புழங்குமா' என்பதுதான். தொடுதல், பகிர்தல், உள்ளே வந்து போதல் எல்லாம் அடங்கிய சொல் அது. சாதி என்ற சொல்லை வாயால் உச்சரிக்காமலே ஒரு முழு சாதிச் சொல்லாடலை நடத்திவிட முடிகிற மொழியாக நகரத் தமிழ் ஆகியிருக்கிறது. கடைசியில் ஒரு "தப்பா நெனச்சுக்காதீங்க". அதோடு கதவு சாத்தப்படும்.

4

மாம்பலத்துக்கு வருவோம். 1920இல் நகரத் திட்டச் சட்டம் வந்தது. 1923இலிருந்து நெடிய ஏரி என்ற பெரிய நீர்நிலையை வற்றவைத்து மனைகளாக்கினார்கள். நீதிக்கட்சி ஆட்சி அது. தியாகராயர் பெயரில் நகர், பனகல் பெயரில் பூங்கா, உஸ்மான் பெயரில் சாலை, டாக்டர் நாயர் பெயரில் இன்னொரு சாலை. பிராமணரல்லாதார் இயக்கத்தின் பெயர்ப் பலகைகள் மாட்டிய இந்தப் புதிய நகரத்தில், கிராமத்து அக்ரகாரத்தை விட்டு உத்தியோகத்துக்கு வந்த குடும்பங்களும் கணிசமாக வீடு கட்டின. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மேற்கு மாம்பலத்தில் அவர்களில் வசதி குறைந்தவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். பெயரை ஒரு அரசியல் வைத்தது, தெருவை இன்னொன்று நிரப்பியது. பார்ப்பனரல்லாத வீட்டுக்காரர்கள் மட்டும் என்ன செய்தார்கள் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. முதலியார் வீட்டு மாடியிலும் செட்டியார் வீட்டு மாடியிலும் தலித்துக்கு இடம் கிடைத்த வரலாறு நம்மிடம் தனியாக எதுவும் இல்லை. திராவிட அரசியல் கோயிலின் கருவறையைப் பற்றிப் பேசியது, உத்தியோகத்தைப் பற்றிப் பேசியது. மாடிப் போர்ஷனைப் பற்றிப் பேசவில்லை.

1942 ஏப்ரல் 6ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னை காலியாயிற்று. அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர்களைத் தேடிய அபூர்வமான சில மாதங்கள் அவை. பயம் தெளிந்ததும் போனவர்கள் திரும்பினார்கள், போர்க்கால வேலைகளுக்குப் புதியவர்களும் வந்தார்கள், வாடகை ஏறியது. 1941லேயே தொடங்கிவிட்ட போர்க்கால வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள் 1946இல் சட்டமாயின. பிறகு 1949 சட்டம். பிறகு நீண்ட காலம் ஆண்ட 1960ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பொதுவாக இரண்டே விதமாகப் பேசுகிறார்கள். குடித்தனக்காரரைக் காப்பாற்றியது என்பது ஒன்று. வீட்டுக்காரரை ஒழித்தது என்பது இன்னொன்று. இரண்டு பேச்சிலும் விட்டுப்போகிற ஒரு பிரிவு இருக்கிறது. வீடு காலியானால் வீட்டுக்காரர் குறிப்பிட்ட நாட்களுக்குள் அரசு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசுக்கோ அரசு ஊழியருக்கோ தேவை என்றால், அந்த அதிகாரி அந்த வீட்டை எடுத்து ஒதுக்கலாம். வீட்டுக்காரர் வாடகை வாங்கிக்கொள்ளலாம், ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. யோசித்துப் பாருங்கள். யாரைக் குடிவைப்பது என்ற வீட்டுக்காரரின் புனிதமான உரிமையை இந்த நாட்டில் அரசு ஒருமுறை கையில் எடுத்தது. கீழ்ப்பாக்கத்திலோ மயிலாப்பூரிலோ ஒரு வீட்டின் வாசலில், ஒதுக்கீட்டு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தலித் குமாஸ்தா நிற்பதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. அரசு அதை ஊழியர்களின் வசதிக்கான ஏற்பாடாகவே வைத்துக்கொண்டது. ஒதுக்கப்பட்டவர்களுக்கு வீடு ஒதுக்கும் கருவியாக அதை மாற்ற எந்த ஆட்சிக்கும் தோன்றவில்லை. பள்ளியில், வேலையில் இட ஒதுக்கீடு கேட்ட நாமும் தெருவில் இட ஒதுக்கீடு என்று ஒரு சொல்லை உண்டாக்கவில்லை.

மற்றபடி 1960 சட்டம் உள்ளே நுழைந்துவிட்டவரின் சட்டம். 1973 திருத்தத்துக்குப் பின் குடியிருப்புக்கு மொத்த மதிப்பில் வருஷத்துக்கு 9 சதவீதம் என்று நியாய வாடகையைக் கணக்கிட்டது. வேண்டுமென்றே பாக்கி வைத்தால், உள்வாடகைக்கு விட்டால், வீட்டுக்காரருக்கே குடியிருக்கத் தேவைப்பட்டால், இடித்துக் கட்டுவதென்றால் மட்டும் வெளியேற்றலாம் என்றது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் போனால் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்ற விலக்கை 1986இல் உச்சநீதிமன்றம் அடித்தது. எல்லாம் சரி. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் இதே சட்டம் சொன்னது. சென்னை பத்து மாதம் வாங்கியது. கேட்டவர்கள் யார்? கேட்டால் வீடு கிடைக்காது. வீடு கிடைக்கும் முன் அவர் சட்டத்தின் கண்ணுக்குக் குடித்தனக்காரர் இல்லை. சட்டத்துக்குத் தெரிகிற உடல் வாசற்படியைத் தாண்டிய உடல். வாசலில் நிற்பவரை அதற்கு அடையாளம் தெரியாது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும், சப்மீட்டர் வைத்து மின்வாரிய விலைக்கு மேல் யூனிட் கணக்குப் போடுவதும் இதே இருட்டில்தான் நடந்தன.

பத்து மாத அட்வான்ஸ் வெறும் பணமில்லை. அது ஒரு சல்லடை. மாதச் சம்பளம் வாங்குகிறவர், நகையை அடகு வைக்க முடிகிறவர், கடன் கொடுக்கச் சொந்தக்காரர் உள்ளவர்தான் அதைப் புரட்ட முடியும். தினக்கூலிக்குப் பத்து மாதம் என்பது, வராதே என்பதன் மரியாதையான வடிவம். அவர்களுக்கு நகரம் வேறு ஏற்பாடு செய்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம். தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே. 2021இல் வாரியத்தின் பெயரில் குடிசை போய் 'வாழ்விட மேம்பாடு' வந்தது. பெரிய பறச்சேரி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

5

ஒண்டுக்குடித்தனத்தைப் பற்றி நம் இலக்கியமும் சினிமாவும் ஏக்கத்தோடு பேசுகின்றன. அசோகமித்திரனின் 'தண்ணீர்' அந்த ஏக்கத்துக்கு இடம் கொடுக்காத நாவல். ஒரு குழாய், அதன் முன்னால் குடங்கள், அந்த வரிசையில் பெண்களின் உடல்கள் படும் பாடு என்று அது வறட்டுத்தனமாகவே நகர்கிறது. 1968இல் வந்த 'எதிர் நீச்ச'லில் கிட்டு மாமாவும் நாயரும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் செய்வது வேடிக்கையாகக் காட்டப்படுகிறது. யாருமற்ற மாது மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறான். துச்சில் என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை. 1988இல் பாலு மகேந்திராவின் 'வீடு' வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லுவதிலிருந்து புறப்பட்டு, சொந்த வீடு என்ற கனவுக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. மத்தியதர வர்க்கத்தின் பாதையும் அதுதான்.

கல்யாணமாகாத ஆண்களுக்கு வீடு இல்லை என்பதால் திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் பெருகின. தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் எழுதிய எத்தனையோ பேர் பத்துக்குப் பத்து அறையில் இருந்துதான் எழுதினார்கள். மேன்ஷனில் சாதி கேட்பது குறைவு. காரணம் எளிமையானது. அங்கே சமையலறை இல்லை. சமையலறை இல்லாத இடத்தில் புழக்கம் பற்றிய கேள்வி தேவைப்படவில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்த மேன்ஷனும் கிடையாது, ஹாஸ்டல்தான், இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டும் என்பதோடு.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வர வேண்டும். ஒண்டுக்குடித்தனத்தில் கிணறு பொது, குழாய் பொது, கக்கூஸ் பொது. தீட்டுக் கருத்தியலுக்கு அங்கே தொட்டுக் காட்ட ஒரு பொருள் இருந்தது. 1990களில் அடுக்குமாடி பரவியது. 1994இல் அடுக்குமாடி உரிமைச் சட்டமும் வந்தது. தனிக் குழாய், தனிக் கழிப்பறை, கதவைச் சாத்தினால் யார் என்ன சமைக்கிறார்கள் என்றே தெரியாது. பொதுப் புழக்கம்தான் காரணம் என்றால் மறுப்பு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. பொருள் போன பிறகு அது வாசனையாயிற்று. 'லிஃப்ட்ல ஸ்மெல் வருதுன்னு அசோசியேஷன்ல சொல்றாங்க' ஆயிற்று. மனைமதிப்பாயிற்று. தீட்டு தன் பழைய உடலை விட்டுவிட்டு சந்தையின் மொழியில் மறுபிறவி எடுத்தது. வீட்டுக்காரர் என்ற ஒற்றை மனிதருக்குப் பதில் சங்கம் என்ற முகமற்ற ஒன்று வாசலில் உட்கார்ந்தது. அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று, பார்சியல்லாதாருக்கு உறுப்பினர் இடமில்லை என்று விதி வைத்திருந்தது. அது செல்லும் என்று 2005இல் உச்சநீதிமன்றம் சொன்னது. ஒன்றுகூடும் உரிமை என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. சிறுபான்மைச் சமூகம் ஒன்றின் பெயரில் வந்த தீர்ப்பு பெரும்பான்மைத் தெருக்களுக்கு எப்படிப் பயன்படும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அரசும் இந்த வாசலில் அடிக்கடி வந்து நின்றிருக்கிறது, வேறு வேலைக்காக. 1991 மே மாதத்துக்குப் பிறகு ஈழத்தமிழருக்கு வீடு கொடுப்பது ஆபத்து என்றாயிற்று. பெயர் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஒரு 'ஓம்' போதும், பேச்சே காட்டிக் கொடுத்துவிடும். 2012 பிப்ரவரி 23ஆம் தேதி வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையர் என்று சொல்லி ஐந்து வடமாநில இளைஞர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே ஆண்டு, குடித்தனக்காரர் விவரங்களை வீட்டுக்காரர்கள் காவல்நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை மாநகரக் காவல்துறை உத்தரவு போட்டது. காலியான வீட்டைத் தெரிவி என்று சொன்ன அரசு, வந்து சேர்ந்த ஆளைத் தெரிவி என்று சொல்லும் அரசாக மாறிய தூரம் சுமார் அறுபத்தைந்து வருஷம்.

6

2000இல் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலையின் சம்பளம் நகரத்தின் வாடகையைத் தூக்கியது. 2007 வாக்கில் வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்தைச் செழியன் 'டூ லெட்' படத்தில் பின்தொடர்ந்தார். 2019 பிப்ரவரியில் அது திரைக்கு வந்தது. அதே மாதம் 22ஆம் தேதி, 1960 சட்டத்தை நீக்கிய 2017ஆம் ஆண்டுப் புதிய வாடகைச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், அதற்குப் பதிவு எண், வாடகை அதிகாரி. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. 'வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற சின்ன வாசலில் பத்து மாதமும் தாராளமாக நுழையும். நியாய வாடகை என்ற கருத்தே போயிற்று. வீட்டை மறுப்பது பற்றி ஒரு வரி இல்லை.

அப்படி ஒரு வரி எழுதத் தெரியாததால் அல்ல. அதே 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த எச்.ஐ.வி. சட்டம், தொற்றுள்ளவருக்கு வாடகை வீடு மறுப்பதைப் பாகுபாடு என்று பெயர் சொல்லித் தடுக்கிறது. 2019இன் திருநர் பாதுகாப்புச் சட்டமும் கிட்டத்தட்ட அதே சொற்களில் தடுக்கிறது. திருநங்கைகள் அதைவைத்து வீடு பெறுகிறார்களா என்பது வேறு விஷயம். சட்டத்தின் மொழி வாசலில் நிற்பவரைப் பார்க்கப் பழகியிருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். தலித்துகளுக்கு அதற்கு முன்பே இருந்தது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இலிருந்து நாம் பி.சி.ஆர். என்று சொல்லும் சட்டம், நான்காம் பிரிவில் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பன்னிரண்டாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவரானால், அந்தச் செயல் தீண்டாமை அடிப்படையில் நடந்தது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் வேலை. டீக்கடைத் தனிக்குவளைக்கும் கோயில் வாசலுக்கும் இந்தச் சட்டத்தை எடுத்த நம் இயக்கங்கள், நகரத்து வாடகை வீட்டுக்கு எடுத்ததாகப் பேச்சே எழவில்லை. கிராமம்தான் சாதியின் இடம், நகரம் அதிலிருந்து தப்பிக்கும் வழி என்ற கதையாடலை நாமும் கொஞ்சம் நம்பிவிட்டோம். இஸ்லாமியருக்கு இந்தப் பிரிவும் உதவாது. அரசியல் சட்டத்தின் 15(1) அரசைக் கட்டும். கடை, கிணறு, குளம் என்று தனியாரையும் கட்டும் 15(2)இல் வீடு இல்லை. கேட்க வேண்டிய புதுச் சட்டம் இதுதான் என்று தோன்றுகிறது.

சாட்சியம் இல்லை என்பதுதான் இதுவரை தடையாக இருந்தது. மறுப்பு வாய்மொழி, அதுவும் செயப்படுபொருள் இல்லாத வாய்மொழி. தில்லியில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, எல்லாத் தகுதியும் ஒன்றாக இருக்கப் பெயரை மட்டும் மாற்றி வீடு கேட்கவைத்து, தலித் பெயரும் இஸ்லாமியப் பெயரும் எப்படித் தள்ளப்படுகின்றன என்று காட்டியது. சென்னையில் அவ்வளவு சிரமம்கூட வேண்டாம். பழைய நாளிதழ் வரி விளம்பரங்களில் 'பிராமணர்களுக்கு மட்டும்', 'சைவம் மட்டும்' என்று அச்சிலேயே வந்திருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து எடுக்கலாம். இப்போது கைபேசி வழி விளம்பரங்களிலும் அது வருகிறது, விளம்பரம் கொடுத்தவரின் எண்ணோடும் தேதியோடும். புரோக்கர் தெருமுனையில் ரகசியமாகச் சொன்னது இன்று எழுத்தில் கிடைக்கிறது. 'சைவம் மட்டும்' என்பதைத் தீண்டாமை என்று நீதிமன்றம் உடனே ஒப்புக்கொள்ளாது, உணவுத் தேர்வு என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆனால் சைவம் சாப்பிடும் ஒரு தலித் குடும்பம் அதே எண்ணுக்குப் பேசி, சாதிப் பெயர் தெரிந்த பிறகு மறுக்கப்பட்டால், அந்த வாதம் எங்கே நிற்கும்? இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வீடு தேடி அலைகிறவர்கள் அவர்களைவிட அதிகம். தேடுகிறவர் போன தெரு, பேசிய நாள், சொல்லப்பட்ட வார்த்தை மூன்றையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்தால், பன்னிரண்டாம் பிரிவை எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு வழக்குக்கு அது போதும்.